ஆமையின் நினைப்பு

ஆசிரியர் எதிரில் இல்லாமல் ஒருவருக்குக் கல்வி கொடுக்க முடியுமா? முடியும் என்று ஓர் அரசாங்கம் தீர்மானித்து, கொடுக்கவும் தொடங்கிவிட்டால், அந்த மாணவருக்கு அது பட்ட கடன் எதோடு தீரும்? கலிஃபோர்னியாவின் சான்ட்டா கிளாரா பள்ளத்தாக்கில், கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகளில் மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டையில். வீட்டில் சைவம், தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைப் பாதிரியார்களிடம் படிப்பு. இவையெல்லாம் சேர்ந்துகொண்டு இந்தக் கேள்வியிலிருந்து என்னை விடமாட்டேன் என்கின்றன.

என் வகுப்புக்கு வருகிறவர்கள் பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கியவர்கள், முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றியவர்கள். மெக்சிகோவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த குடும்பங்களில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை. பள்ளியை முடித்திருப்பார்கள், ஆனால் பின்னம் வராது. அந்த நாட்களில் கல்லூரிக் கணக்கில் சேருவதற்கு முன்னால் ரெமீடியல் என்று பெயரிட்ட வகுப்பில் பழையதையெல்லாம் மறுபடி படித்துத் தேற வேண்டியிருந்தது.

நாற்பதை நெருங்கிய ஒரு பெண்மணி. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுவார். விதியைச் சொன்னேன், தலையாட்டினார். அடுத்த தாளிலும் 2/5. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் மகன் பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறான். முதல் பாதியில் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று விழுந்தது, அடுத்த பாதியில் மூன்றில் ஒன்று. ஆட்டம் முடிந்து கூட்டினால் ஐந்தில் இரண்டுதானே, புரொபசர்? அவர் சொன்னது சரி. கூடைப்பந்து மைதானத்தில் அந்தக் கூட்டல் தப்பே இல்லை. இத்தனை வருஷம் அவர் தாளில் சிவப்புக் கோடு போட்ட யாரும் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். 280ஆம் நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்வரை எனக்கு அதே யோசனை. அடுத்த வகுப்புக்கு ஒரே அளவில் இரண்டு டார்ட்டியா ரொட்டிகள் வாங்கிப் போனேன். ஒன்றில் பாதி, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு வெட்டி அவர் கையில் கொடுத்தேன். அவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்தில் இரண்டு என்றால் பாதிகூட இல்லை; இங்கே பாதிக்கு மேல் அல்லவா இருக்கிறது என்று அவரே சொன்னார்.

இந்த வகையான மாணவர்களைத்தான் 2013 ஜனவரியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மனதில் வைத்திருந்தார். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த அறிவிப்பில் அவரோடு நின்றவர் செபாஸ்டியன் த்ரன். ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது 2011இல் அவர் இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அதன் பிறகு அவர் தொடங்கியது உடாசிட்டி நிறுவனம். ஆளுநரே முந்தைய ஆண்டு அவரைத் தேடிப் பேசியிருந்தார். ஒரு பாடத்துக்கு 150 டாலர் கட்டணம். ரெமீடியல் கணக்கு, அல்ஜிப்ரா, புள்ளியியல் என மூன்று பாடங்கள், முந்நூறு மாணவர்கள் அளவில் ஒரு சோதனை. நடந்தால் மாநிலம் முழுவதும்.

ஆளுநரின் அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2012 இலையுதிர்காலத்தில் மாநிலத்தின் கம்யூனிட்டி கல்லூரிகளில் வகுப்பில் இடமில்லாமல் காத்திருந்த மாணவர்கள் 4,70,000 பேர் என்று கணக்கு. என் வகுப்பிலேயே முதல் வாரம் சுவரோரம் நின்றபடி, யாராவது விலகினால் இடம் கிடைக்குமா என்று காத்திருப்பார்கள். வெளியே நிற்கிறவர்களை எண்ணிப் பார்ப்பது ஆட்சியாளரின் வேலை. எண்ணாத ஆட்சியாளர் அவர்களைக் கைவிட்டவர்.

ஆனால் இந்த ஆளுநரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பில் ஒரு உறுத்தல் உண்டு. சான் ஹோசேயிலிருந்து காரில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய லாஸ் கேட்டஸ் என்ற ஊரில் இயேசு சபையின் நவதுறவகம் இருந்தது. 1956இல் பதினெட்டு வயதில் அங்கே சேர்ந்தவர் ஜெர்ரி பிரவுன். பாதிரியாராகும் எண்ணத்தோடு 1960 தொடக்கம்வரை அங்கே இருந்தார். அவர் வெளியே வந்த அதே 1960இல்தான், ஆளுநராக இருந்த அவர் தந்தை பாட் பிரவுன் கலிஃபோர்னியாவின் உயர்கல்விப் பெருந்திட்டத்தைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டார். படிக்க விரும்பும் எவருக்கும் ஓர் இடம் என்ற வாக்குறுதி அது. மகன் இரண்டு முறை ஆளுநராக இருந்து பதவி விட்டபின் 1980களின் பிற்பகுதியில் ஜப்பானுக்குப் போய் ஜென் ஆசான்களிடம் தியானம் கற்றார். கல்கத்தாவில் அன்னை தெரசாவின் இல்லத்தில், சாகக் கிடப்பவர்களுக்குப் பணிவிடை செய்தார். ஒரு குருவின் எதிரே உட்காருவது என்ன செய்யும் என்பதை அமெரிக்க அரசியலில் அவர் அளவுக்கு உடம்பால் அறிந்தவர் அரிது.

சோதனையின் முடிவை நாடறியும். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஓக்லண்ட் ராணுவப் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். பிரவுன் ஓக்லண்டின் மேயராக இருந்தபோது அவரே தொடங்கிய பள்ளி அது. அந்தப் பிள்ளைகளில் சிலர் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்பது வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் தெரியவந்தது. உதவிக்கு ஆட்களை உடாசிட்டி அமர்த்தியிருந்தும், உதவி இருப்பது பலருக்குத் தெரியாது. ரெமீடியல் கணக்கில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஜூலையில் நிறுத்திவைத்தார்கள். கோடையில் நடந்த அடுத்த சுற்றில் தேர்ச்சி ஏறியது. ஆனால் அதில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தது.

தோல்வியைக் காட்டி, இணையத்தில் கல்வியே இல்லை என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்குக் காரணம் என் தாத்தா. திருவாவடுதுறை ஆதீன வழியில் தீட்சை பெற்றவர். விடிகாலை நீறு பூசி உட்கார்ந்தால் எழ வெயில் ஏறிவிடும். குரு மாணாக்கனுக்குச் செய்யும் தீட்சையில் பல வகை உண்டு என்று சைவம் சொல்கிறது. அதில் மூன்றைத் தாத்தா சின்னப் பையனான எனக்குப் புரியும்படி சொல்லுவார். பறவை முட்டையின்மேல் உட்கார்ந்து தொட்டுப் பொரிக்கும். அது பரிச தீட்சை. மீன் முட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்து பொரிக்கும். அது நயன தீட்சை. ஆமை கரையேறி மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். எங்கோ ஆழத்தில் இருந்தபடி நினைத்துக்கொண்டே இருக்கும். அந்த நினைப்பிலேயே குஞ்சு பொரியும். அது மானச தீட்சை.

“ஆமை மறந்துட்டா?” என்று கேட்டிருக்கிறேன்.

“மறந்துட்டா கூமுட்டையாப் போயிரும்ல. கடலுக்குப் போனாலும் நெனப்பு கரையிலதான கெடக்கணும்.”

மணலின் சூடுதான் பொரிக்கிறது என்று உயிரியல் படித்தவர்கள் சொல்வார்கள். சாத்திரம் ஆமையைப் பற்றிப் பேசவில்லை, குருவைப் பற்றிப் பேசுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே நம்மவர்கள் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டு விடை சொல்லியிருக்கிறார்கள்: குருவின் உடம்பு எதிரே இருந்தாக வேண்டியதில்லை, தொட வேண்டியதில்லை, பார்க்கக்கூட வேண்டியதில்லை. நினைக்க வேண்டும். நினைப்பு என்றால் பொதுவாக உலக நன்மையை நினைப்பதல்ல. எந்தக் கரையில், எந்த மணலில், எந்த முட்டை என்று அறிந்து அதன்மேல் கவலைப்படுவது. பாடத்தைப் படம்பிடித்து வைத்துவிட்டுப் போவது மணலில் இட்டுப் போவதுவரைதான். மிச்சம் இருக்கிறது.

கல்லூரியில் பாதிரியார்களிடமும் இதையேதான் வேறு விதமாகக் கண்டேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் முப்பது நாள் தனித்திருந்து செய்ய வேண்டியவை; சபையில் சேரும் ஒவ்வொருவரும் அதைச் செய்கிறார்கள். ஆனால் வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் முப்பது நாள் ஒதுங்க முடியாதே? அவர்களுக்கென்று அந்த நூலின் 19ஆம் முன்குறிப்பில் ஒரு வழி இருக்கிறது. வீட்டிலிருந்தபடி, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம், மாதக்கணக்கில் செய்துகொள்ளலாம். பதினாறாம் நூற்றாண்டின் தொலைநிலைக் கல்வி என்றே சொல்லலாம். அங்கும் வழிநடத்துபவர் ஒருவர் உண்டு. அவரை மட்டும் இஞ்ஞாசியார் நீக்கவில்லை. எங்கள் கடற்கரைக்கு 1542இல் வந்த சவேரியார், பின்னால் கிழக்குத் தீவுகளில் தனியே இருந்தபோது, ரோமிலிருந்து வந்த கடிதங்களில் தோழர்கள் போட்ட கையெழுத்துகளை வெட்டியெடுத்து மார்போடு வைத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் இருப்பவருக்கு எது தேவை என்று அந்த மரபுக்கு நன்றாகத் தெரியும். லாஸ் கேட்டஸில் அந்த மரபில்தான் பிரவுன் வளர்ந்தார்.

அரசியல்வாதி ஒருவரே இந்த நினைப்பைத் திட்டத்துக்குள் வைத்துக் கட்டியதும் உண்டு. பிரிட்டனில் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் 1963 செப்டம்பரில் கிளாஸ்கோவில் பேசும்போது ‘வான்வெளிப் பல்கலைக்கழகம்’ என்ற யோசனையைச் சொன்னார். வானொலி, தொலைக்காட்சி வழியாகப் படிப்பு. பிரதமரானபின் அதை ஜென்னி லீயிடம் ஒப்படைத்தார். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, உதவித்தொகையில் எடின்பரோவில் படித்தவர் லீ; தேசிய மருத்துவ சேவையை உருவாக்கிய அனாயரின் பெவனின் மனைவி. கல்வித்துறை அதிகாரிகள் சிலர் இதைச் சின்னதாக, பழைய முதியோர் கல்வியோடு ஒட்டுப்போட்டு முடித்துவிடப் பார்த்தார்கள். லீ இடம் கொடுக்கவில்லை. நுழையத் தகுதி எதுவும் கேட்கக் கூடாது, வாங்கிப்போகும் பட்டம் மற்றெந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் குறையக் கூடாது என்ற இரண்டையும் ஒரே பிடியாகப் பிடித்தார். எதிர்க்கட்சியின் இயன் மக்லியோட் இதை வெறும் பிதற்றல் என்றார். 1969இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. மறு ஆண்டு ஆட்சி மாறியபோது கல்வி அமைச்சராக வந்த மார்கரெட் தாட்சர் அதை வெட்டாமல் விட்டார். 1971 ஜனவரியில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் படிக்கத் தொடங்கினார்கள்.

எல்லோருக்கும் நினைவில் நிற்பது பிபிசியில் அகால நேரத்தில் வந்த அந்த ஒளிபரப்புகள். என் கண்ணில் படுவது வேறு. அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் அவர் வட்டாரத்தில் ஒரு டியூட்டர் இருந்தார். எழுதியனுப்பும் கட்டுரையைத் திருத்தி, ஓரத்தில் அந்த மாணவருக்கென்றே குறிப்பு எழுதி, தபாலில் திருப்பி அனுப்புவார். திருத்துவது எப்படி என்று அந்த டியூட்டர்களுக்குப் பயிற்சி இருந்தது. கோடையில் ஒரு வாரம் நேரில் கூடும் வகுப்பு இருந்தது. ஒளிபரப்பு போனாலும் அந்தப் பல்கலைக்கழகம் நின்றிருக்கும். டியூட்டர் போயிருந்தால் நின்றிருக்காது. இதுவரை 20 லட்சம் பேருக்கு மேல் அங்கே படித்திருக்கிறார்கள்.

ஏகலைவனைப் பற்றி இங்கே கேட்பார்கள். மண் பொம்மையை வைத்துக்கொண்டு தானே கற்றானே, அவனை எந்தத் துரோணர் நினைத்தார்? நினைக்கவில்லை. ஏகலைவன் அபூர்வமான பிள்ளை. காட்டில் வில்லோடு பிறந்து வளர்ந்தவன். ஏற்கெனவே கற்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இணைய வகுப்பு எவ்வளவு உதவும் என்பதை சான் ஹோசேயின் கோடை வகுப்பே காட்டியது. என்னை உறுத்துவது அந்தக் கதையின் பிற்பகுதி. கற்பிக்காத ஆசிரியர் வந்து தட்சிணை கேட்டார். அதுவும் இளவரசன் ஒருவனுக்குத் தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக. பையன் மறு பேச்சில்லாமல் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தான்.

அமெரிக்காவில் கற்பிக்காமல் தட்சிணை வாங்குவது சட்டத்தின் துணையோடு நடந்தது. 1990களின் தொடக்கத்தில் செனட்டர் சாம் நன் தலைமையிலான குழு, தபால்வழிப் பள்ளிகளும் தொழிற்பள்ளிகளும் மாணவர் பெயரில் அரசுக் கடன் வாங்கி ஏமாற்றியதை விசாரித்தது. அதன் பயனாக 1992இல் ஒரு விதி வந்தது: பாதிக்கு மேல் தபால்வழியில் நடத்தும் கல்லூரிக்கு அரசின் மாணவர் நிதி கிடையாது. 2006 பிப்ரவரியில் அந்தப் பாதி வரம்பு இணையவழிக் கல்விக்கு நீக்கப்பட்டது. அதைச் சுமந்து வந்தது கல்விக்கான தனிச் சட்டம்கூட அல்ல, பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்கும் சட்டம். செனட்டில் துணை அதிபர் செனியின் ஓட்டோடுதான் 51க்கு 50 என்று அது தேறியது. பிறகு லாப நோக்குக் கல்லூரிகள் வளர்ந்த வளர்ச்சியை 2012இல் செனட்டர் டாம் ஹார்கினின் குழு அறிக்கையாக வெளியிட்டது. ஆய்வுக்கு எடுத்த 30 நிறுவனங்களில் பல இணையத்திலேயே பெரும்பகுதி நடத்தியவை. 2010இல் மாணவர்களைப் பிடித்துச் சேர்க்க அவை வைத்திருந்த ஆட்கள் 35,202. சேர்ந்தபின் மாணவருக்குத் துணைநிற்க வைத்திருந்தவர்கள் 12,452. வருமானத்தில் விளம்பரத்துக்கும் ஆள்பிடிப்புக்கும் போனது 22.7 சதவீதம், கற்பித்தலுக்கு 17.2 சதவீதம்.

இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நினைக்கத் தெரியாமல் இல்லை அவர்களுக்கு. கையெழுத்துப் போடும்வரை அந்த மாணவரை ராப்பகலாக நினைத்தார்கள், போனுக்கு மேல் போன் போட்டார்கள். கையெழுத்தான மறுநாள் மறந்தார்கள். இந்தத் தொழிலில் கட்சி வேறுபாடும் பெரிதாக இல்லை. லாப நோக்கில் இயங்கிய லாரியட் நிறுவனத்தில் முன்னாள் அதிபர் பில் கிளின்டன் 2010 முதல் 2015வரை கௌரவ வேந்தராக இருந்து 1.7 கோடி டாலருக்கு மேல் பெற்றார். கொரிந்தியன் என்ற கல்லூரிக் குழுமம் 2015இல் மூடிக்கொண்டது. அதில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்தது 2022 ஜூனில். நடுவில் போன வருஷங்களை எந்த உத்தரவாலும் திருப்பித்தர முடியாது.

எனக்கு எளிதில் விடை கிடைக்காத இடமும் ஒன்றுண்டு. யூட்டா ஆளுநர் மைக் லெவிட் குடியரசுக் கட்சி, கொலராடோ ஆளுநர் ராய் ரோமர் ஜனநாயகக் கட்சி. இவர்கள் முன்நின்று, 19 ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் தொடங்கியது வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம். லாப நோக்கு இல்லை, கட்டணம் குறைவு, முழுக்க இணையம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை போனில் பேசுவார். 2017இல் கூட்டரசுக் கல்வித்துறையின் தலைமை ஆய்வாளர் இந்தப் பல்கலைக்கழகம் 71.3 கோடி டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஆசிரியர் மாணவரோடு ஒழுங்காகவும் பொருள்படவும் உறவாட வேண்டும் என்பது சட்டம். பல பாடங்களில் அது இல்லை, வழிகாட்டியின் போன் பேச்சு பாட ஆசிரியரின் பேச்சாகாது என்பது அவர் வாதம். 2019 ஜனவரியில் கல்வித்துறை, கட்ட வேண்டாம் என்று முடித்தது.

ஆய்வாளர் பயந்ததில் நியாயம் உண்டு. சட்டத்தில் அந்த வாசகம் இருப்பதே கற்பிக்காத துரோணர்களைத் தடுக்கத்தான். ஆனாலும் என் மனம் அந்த வழிகாட்டியின் பக்கமே சாய்கிறது. நானூறு பேர் உட்காரும் அரங்கில் மேடையில் நிற்கும் பேராசிரியருக்கு எத்தனை பேர் முகம் தெரியும்? உடம்பு இருக்கிறது, நினைப்பு எங்கே? என்னைப் போன்ற பகுதிநேர ஆசிரியர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போவோம். வகுப்பில் நிற்கும் மணிக்குத்தான் சம்பளம். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், வகுப்புக்கு வெளியே மாணவரோடு உட்கார ஒரு மேசையும் கிடையாது. கார் நிறுத்தும் இடத்தில் பானட்டின்மேல் தாளை விரித்துச் சொல்லிக்கொடுப்போம். செங்கல் கட்டடத்துக்குள்ளேயே நினைப்பைச் செலவுப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். இணையம் பின்னால் வந்து சேர்ந்தது.

உடாசிட்டி அறிவிப்பு வந்த அதே 2013இல், அதே சான் ஹோசேயில், தத்துவத் துறைப் பேராசிரியர்கள் செய்ததை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நீதி பற்றி நடத்தும் புகழ்பெற்ற பாடத்தின் இணைய வடிவத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்தச் சொன்னபோது மறுத்தார்கள். ஏப்ரல் இறுதியில் சாண்டலுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாளைக்கு இரண்டு வகைப் பல்கலைக்கழகங்கள் வரும்; பணக்காரப் பிள்ளைகளுக்கு எதிரே ஆசிரியர், மற்றவர்களுக்கு ஆசிரியரின் பதிவு என்பதே அவர்கள் பயம். தன் பாடம் யாருடைய வேலையையும் பறிக்கப் பயன்படுவதைத் தான் விரும்பவில்லை, அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது என்ற பொருளில் சாண்டல் பதில் எழுதினார். அவர் மனதில் கள்ளமில்லை என்றே நம்புகிறேன். ஆனால் நீதியைப் பற்றிய பாடத்தில் மாணவர்கள் கைதூக்கிக் கேள்வி கேட்பதையும் அவர் பெயர்சொல்லி அழைத்துப் பதில் சொல்வதையும், அந்த மாணவர்கள் பேசி முடித்த பிறகு இன்னொரு ஊரில் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளையின் நிலை எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கை எழுந்தால் யாருக்குத் தெரியும்? சான் ஹோசேயில் பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை பார்க்கும் ஒருவனுக்கு நீதியைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கும்.

பிரவுன் கடைசியாக ஆளுநராக இருந்த ஆண்டில், 2018இல், இன்னொரு முயற்சி செய்தார். கால்பிரைட் என்ற முழு இணையக் கம்யூனிட்டி கல்லூரி; தொடக்கத்துக்கு 10 கோடி டாலர், பிறகு ஆண்டுக்கு 2 கோடி. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெரியவர்களுக்கு, இலவசமாக. நோக்கத்தில் நான் முழுக்க அவர் பக்கம். 2021இல் மாநிலத் தணிக்கையாளர் சொன்னது, முதல் ஆண்டில் சேர்ந்த ஏறத்தாழ 900 பேரில் முடித்தவர்கள் ஒரு சிலரே, மாணவருக்குத் துணைநிற்கும் ஏற்பாடு சரியாக இல்லை என்று. அதன்பின் நிலைமை தேறியிருக்கிறது.

இப்போது வேறொரு பதிலைக் கொண்டுவருகிறார்கள். 2025 பிப்ரவரியில் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு தன் 4,60,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குச் சாட்ஜிபிடி வழங்குவதாக அறிவித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னால், அதே அமைப்பைச் சேர்ந்த சோனோமா மாநிலப் பல்கலைக்கழகம் பணமில்லை என்று பல துறைகளை மூடுவதாக அறிவித்திருந்தது. மூடும் பட்டியலில் தத்துவத் துறையும் இருந்தது. இயந்திரம் எல்லா மாணவரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுமே, நீ கேட்கும் நினைப்பு இதுதானே என்று என் மருமகன் கேட்கிறார். மென்பொருள் துறையில் இருப்பவர். நல்ல கேள்வி, உண்மையாகவே கேட்கிறார். மாணவர் எந்தக் கணக்கில் எத்தனை முறை தவறினார் என்று அது என்னைவிடத் துல்லியமாகச் சொல்லும். 2/5 ஏன் வந்தது என்றுகூட, பொறுமையாகக் கேட்கப் பழக்கினால் கேட்கும். அதை நான் மறுக்கவில்லை, பயன்படுத்தவும் சொல்வேன். ஆனால் மாணவர் இரண்டு வாரம் வராமல் போனால் அதற்குத் தூக்கம் கெடாது. தாத்தா சொன்ன நினைப்பில், முட்டை பொரியாவிட்டால் ஆமைக்கு இழப்பு உண்டு. இழக்க எதுவும் இல்லாத ஒன்றிடம் இருக்கும் பதிவுக்கு எவ்வளவு ஞாபக சக்தி இருந்தாலும், அதை குருவின் இடத்தில் வைக்க என்னால் முடியாது. சைவமும் வைக்காது, இஞ்ஞாசியாரும் வைக்கமாட்டார்.

என் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். இணையக் கல்விக்குப் பணம் ஒதுக்கும் எந்த மசோதாவிலும், சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் தன்னைக் கவனிக்கும் ஒரு மனிதரின் பெயர் முதல் நாளே தெரியவேண்டும் என்று ஒரு பிரிவு சேருங்கள். அவரிடம் அதிகபட்சம் எத்தனை மாணவர், நினைப்பதற்கு அவருக்கு எத்தனை மணி நேரச் சம்பளம் என்பதும் அதிலேயே எண்ணாக இருக்கட்டும். செலவு தாங்காது என்பார்கள் என்று கணக்கையும் சேர்த்தே அனுப்பினேன். கால்பிரைட் தொடங்கியபோது அதற்கு ஆண்டுக்கென்று வைத்த 2 கோடி டாலரையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் சேர்த்து ஒரு லட்சம் டாலர் என்று வைத்தாலும் 200 பேரை அமர்த்தலாம். ஆளுக்கு 60 மாணவர். 12,000 பேர்.